தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் பதிவான பாட்டு

அமெரிக்கக் கிராமப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் மைல்கற்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்கள்.

கேள்வி: 1927இல் பிரிஸ்டல் ஊரில்தான் கன்ட்ரி இசை பிறந்ததாமே?

பதில்: அமெரிக்க நாடாளுமன்றமே 1998இல் அந்த ஊருக்கு அப்படியொரு பட்டம் கொடுத்துவிட்டது. ஆனால் 1922இலேயே பிடில் கலைஞர் எக் ராபர்ட்சன் நியூயார்க்குக்குப் போய் இசைத்தட்டுக்கு வாசித்துவிட்டார். மறு ஆண்டு அட்லாண்டாவில் ‘ஃபிட்லின்’ ஜான் கார்சன் என்ற இன்னொரு பிடில் கலைஞர் பாடினார். பதிவு செய்த ரால்ஃப் பியருக்கு அந்தக் குரல் சகிக்கவில்லை. தட்டு என்னவோ விற்றுத் தீர்ந்தது!

கேள்வி: பிறகு பிரிஸ்டலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெருமை?

பதில்: அங்கே சிக்கிய இரு தரப்பினருக்காக: கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக்குழு, பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ். டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லைக்கோடு நடுத்தெருவில் ஓடும் ஊர் அது. விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக வந்த பியர், காலியாகக் கிடந்த தொப்பிக் கம்பெனிக் கட்டடம் ஒன்றில் கருவிகளை இறக்கினார். ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை 19 குழுவினர், 76 பாடல்கள். முன்பெல்லாம் குழாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். இப்போது மின் மைக்ரோஃபோன் வந்திருந்ததால் தணிந்த குரலும் தட்டில் ஏறியது. எர்னஸ்ட் ஸ்டோன்மன் என்ற பாடகர் முந்தைய ஆண்டில் இசைத்தட்டால் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியதும் மலைக் கிராமங்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். கலைத்தாகம் என்றெல்லாம் நான் கதைகட்டப் போவதில்லை.

கார்ட்டர் குடும்பம் ஆகஸ்ட் 1 அன்று பாடியது. கிதார் வாசித்த மேபெல்லுக்கு வயது 18, கர்ப்பிணி. கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரல்களால் தாளம் போடுவார். அதுவரை பின்னணியில் இருந்த கிதாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்த கை அது. மூன்று நாள் கழித்து ஜிம்மி ராட்ஜர்ஸ். தட்டில் யார் பெயரைப் போடுவது என்ற தகராறில் கூட்டாளிகள் பிரிந்துவிட, தனியாகப் பாடினார். அந்தச் சண்டைக்கு நன்றி.

கேள்வி: இது வெள்ளையர் இசைதானே?

பதில்: கம்பெனிகள் அப்படித்தான் பிரித்து விற்றன. ஆனால் இந்த இசையில் ஒலிக்கும் பேஞ்சோ என்ற தந்திக்கருவியின் பூர்விகம் ஆப்பிரிக்கா. கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுச் சேகரித்தபோது, மெட்டுகளை நினைவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். பியருக்குக் காப்புரிமை வாங்கத்தக்க பாடல்கள் வேண்டும். அவை கார்ட்டர் பெயரில் பதிவாயின. ரிடில் பெயர் அந்தத் தட்டுகள் எதிலும் இல்லை.

கேள்வி: பெண்கள் எப்போது முதலிடம் பிடித்தார்கள்?

பதில்: 1952இல், கிட்டி வெல்ஸ். பில்போர்டு இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் தனிப்பாடகியாக முதலிடம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: ராட்ஜர்ஸ் 1930இல் பதிவு செய்த ஒன்பதாவது ‘புளூ யோடல்’ (யோடல் என்றால் குரலைச் சட்டென உச்சத்துக்கு மாற்றி மாற்றிப் பாடுவது). பின்னால் டிரம்பெட் ஊதுபவர் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோவில் அவர் மனைவி லில். தட்டில் அவர்கள் பெயரையும் தேடாதீர்கள்.