சளி பிடித்தால் சாப்பாடு ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது? நாக்கு நன்றாகத்தானே இருக்கிறது?

நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. "நாக்கு செத்துப்போச்சு" என்று பாவம் அதன் மேல் பழி போடுகிறோம். அடைத்துக்கொண்டிருப்பது மூக்கு. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2021 மே மாதம் கொரோனா வந்தது. காய்ச்சல் நாலு நாளில் விட்டுவிட்டது, வாசனை மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். புளிப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது, மிளகு தொண்டையில் சுரீரென்று இறங்கியது. ஆனால் ரசத்தைக் காணோம்! சீரகம் இல்லை, பெருங்காயம் இல்லை, கொத்தமல்லி வெறும் தழை. புளித்தண்ணியில் உப்புப் போட்டுச் சுட வைத்துக் குடிப்பது மாதிரி இருந்தது. இன்னொரு நாள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து ஓடி வந்த அம்மா, "ஏம்ப்பா, பால் அடிப்பிடிக்கிற வாடை வாசல் வரைக்கும் வருது, உனக்குத் தெரியலையா?" என்றார். தெரியவில்லை.

நாக்குக்குத் தெரிந்த விஷயங்கள் கொஞ்சம்தான்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி (சூப்பில் தெரியும் அந்த நிறைவான சுவை). ஐந்தாவதை 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா, கொம்பு என்ற கடற்பாசி போட்டுக் கொதிக்க வைத்த சாறில் கண்டுபிடித்தார். அதற்குக் காரணமான குளூட்டமேட் தக்காளியிலும் காளானிலும்கூட இருக்கிறது. அஜினமோட்டோ பொட்டலத்தில் இருப்பதும் அதுதான்.

கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிபவை சுவைமொட்டுகள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை வெறும் மேடுகள். அவற்றில் சிலவற்றுக்குள்தான் மொட்டுகள் புதைந்திருக்கின்றன. ஒரு மொட்டில் 50 முதல் 100 செல்கள். சாப்பிடுவது எச்சிலில் கரைந்தால்தான் அவற்றைப் போய்ச் சேரும். நாக்கைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு நுனியில் சர்க்கரை வையுங்கள், எச்சில் ஊறும் வரை அது மணல்தான். இந்தச் செல்களில் சுவைப்பொருளைப் பிடித்துக்கொண்டு செய்தி அனுப்புபவைதான் ஏற்பிகள். இனிப்பை உணர முக்கியமாக ஒரே ஒரு வகை ஏற்பி போதும். கசப்புக்கு மட்டும் சுமார் 25 வகை. செடிகொடிகளின் விஷங்கள் பல ரகம், அவற்றில் பெரும்பாலானவை கசக்கும். அதனால் இத்தனை காவல்காரர்கள். (பூனைக்கு இனிப்பு ஏற்பிக்கான மரபணு பழுதாகிவிட்டது. பாயசத்தை நக்கினாலும் அதற்குப் பால்தான் தெரியும்.)

ஆக, ஐந்து சுவைகளை வைத்துக்கொண்டு சாம்பாரையும் வத்தக்குழம்பையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறோம்? மெல்லும்போது கிளம்பும் மணம் தொண்டையின் பின்பக்கமாக ஏறி, மூச்சு வெளியே போகிற வழியில், மூக்கின் உச்சியைத் தொடுகிறது. அங்கே சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. கவளம் வாயில் இருப்பதால் மூளை அந்த மணத்தையும் வாயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. சளியால் மூக்கின் உள்ளே வீங்கிவிட்டால் இந்தப் பின்வாசல் அடைபடுகிறது. எனக்கு அடைப்பே இல்லை. ஆனால் வாசனை நரம்புகளைத் தாங்கிப் பிடிக்கும் செல்களைக் கொரோனா கிருமி தாக்கியிருந்தது, விளைவு ஒன்றுதான்.

நம்பிக்கை இல்லாவிட்டால் கண்ணை மூடி, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சு மிட்டாயோ அன்னாசி மிட்டாயோ வீட்டில் யாரையாவது ஊட்டிவிடச் சொல்லுங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் தெரியும், எந்தப் பழம் என்று தெரியாது. மூக்கை விடுங்கள், உடனே பழம் வந்துவிடும்.

பள்ளியில் நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரங்களில் புளிப்பு என்று படம் வரைந்து கலர் பென்சிலால் தீட்டி நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் படம் தப்பு. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் இடத்துக்கு இடம் உணர்வு சற்றே கூடுவதையும் குறைவதையும் அளந்தார். 1942-இல் அமெரிக்க உளவியலாளர் போரிங் தன் புத்தகத்தில் போட்ட வரைபடத்தைப் பார்த்தவர்கள், குறைவு என்பதை இல்லவே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். நுனி நாக்கில் ஒரு கல் உப்பு வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் வழக்கு.

"நம் அறுசுவையில் கார்ப்பும் துவர்ப்பும் இருக்கிறதே?" என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். துவர்ப்பு தொடு உணர்வு. வாழைப்பூவிலும் பாக்கிலும் இருக்கும் டானின் எச்சிலின் வழவழப்பைப் பிடித்து இழுத்துவிடுவதால் வாய் சுருங்குகிறது. காரம் வலி. சூடு சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் "சுடுது" என்று கத்தும் ஏற்பியை மிளகாயின் கேப்சைசின் சூடே இல்லாமல் திறந்துவிடும். இந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, அதனால் காரத்துக்குத் தயிரோ பாலோதான் சரி. முன்னோர் இந்த இரண்டையும் சுவைப் பட்டியலில் சேர்த்ததில் எனக்குக் குறை இல்லை. அவர்கள் பட்டியல் போட்டது சாப்பிடுகிறவனுக்காக.

காரத்தை மூளைக்குக் கொண்டுபோவது முகத்தின் தொடு உணர்வுக்கும் வலிக்குமான நரம்பு. மூக்கடைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சளி பிடித்தவர்களுக்கு மிளகு ரசம் மட்டும் ஏதோ உறைப்பதன் காரணம் இது. மூக்கு ஒழுகிக் கொஞ்சம் திறந்தும் கொடுக்கும்.

சாதாரணச் சளி என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அதற்கு மேலும் வாசனை வரவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. வாசனை நரம்புகள் திரும்ப முளைக்கும்போது குழம்பும் போலிருக்கிறது. நடுவில் மூன்று வாரம் ஃபில்டர் காபி எரிந்த ரப்பராக நாறியது. முதலில் ஒழுங்காகத் திரும்பி வந்தது எதிர்வீட்டுக் கருவாடு.