நாலாவது பாட்டில் ஏன் அந்த இடைவெளி?

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து வருடம் அடுத்தவர் மெட்டுக்கு எழுதிய நீங்கள் தனியாகப் போட்டிருக்கும் முதல் ஆல்பத்தைக் கேட்டேன். எட்டுப் பாட்டிலும் சென்னைதான். பாம்பன்காரர் பாட்டில் கடலே இல்லையே என்று வருத்தமாக இருந்தது. நாலாவது பாட்டில் ஒவ்வொரு வரி முடிந்ததும் குரல் நின்று தாளம் மட்டும் ஓடுகிறது. பதிவில் ஏதும் விட்டுப்போனதா? கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுத்த என் தாத்தா அதைக் கேட்டுவிட்டு, “வாங்கிப் பாட ஆளில்லாமப் பாடுறானே” என்றார்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி

அன்புள்ள தம்பி,

தாத்தா சரியாகப் பிடித்துவிட்டார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் வரி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குவார்கள். எடுத்துக் கொடுக்கும்போது கைகள் கயிற்றை மாற்றிப் பிடிக்கும். வாங்கும்போதுதான் இழுப்பு விழும், கயிறு நகரும். தென்கடல் கரையில் என் அப்பாவுக்குப் பின்னால் நின்று சிறுவயதில் நானும் கயிறு பிடித்திருக்கிறேன். எடுத்துக் கொடுப்பவர் எப்பேர்ப்பட்ட குரல்காரராக இருந்தாலும், வாங்க ஆளில்லை என்றால் மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வராது. விசைப்படகில் வலையை இயந்திரம் இழுத்துவிடுகிறது. அங்கே இந்தப் பாட்டுக்கு வேலை இல்லை.

சென்னைக்கு வந்த புதிதில் தினமும் எழும்பூரில் மின்சார ரயில் ஏறி கிண்டிக்குப் போவேன். கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 1931 முதல் ஓடுகிற ரயில் அது. கரைவலைக் கயிற்றில் நிற்பதுபோலவே தோளோடு தோள் உரசி நிற்போம். ஆனால் யாரும் வரி எடுக்க மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். இரண்டு வருடம் அப்படியே போனது.

ஒரு நாள் பாரிமுனையில் பழுதாகி நின்ற லாரியை ஏழெட்டுப் பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர்கள் ‘ஐலசா’ என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். வண்டி கிளம்பியதும் அவரவர் வழியில் போய்விட்டார்கள், ஒருவர் பெயர்கூடத் தெரியாது. அன்று ராத்திரி எழுதியதுதான் நாலாவது பாட்டு. மற்ற ஏழும் அதற்கு அப்புறம் வந்தவை.

ஒலிப்பதிவின்போது கோரஸ் வைத்து அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. பதில் கிடைக்காத நாட்களைப் பற்றிய பாட்டில் பதிலை வைத்தால் பொய்யாகிவிடும். சென்னை மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. தங்கை கல்யாணக் கடனை அடைத்தது அந்த ஊர் கொடுத்த சம்பளம்தான்.

ஒன்று கேட்கட்டுமா? ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். இன்ஜின் சத்தம் குறைந்திருக்கும், ஒலிப்பதிவுக்குத் தோதான நேரம். அப்போது ஊருக்கு வருகிறேன். தாத்தாவும் அவரோடு கயிறு பிடித்தவர்களும் அந்த இடைவெளியில் வாங்கிப் பாடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.