லெஸ்டருக்கு வந்த தம்பிக்கு: காரும் வரியும் கண்ணில் படாத போலீஸும்

தம்பி, சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வந்ததிலிருந்து ரோட்டில் ஒரு டிராபிக் போலீஸைக்கூடப் பார்க்கவில்லை, அப்படியானால் இங்கே கெடுபிடி குறைவா, பழைய கார் ஒன்று வாங்கினால் வரி எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். துபாயில் வண்டி ஓட்டிவிட்டு இங்கே வந்து நிலைத்துவிட்டவன் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டே சொல்கிறேன்.

போலீஸ் கண்ணில் படுவதில்லை என்பது உண்மைதான். அதை நம்பி ஆக்ஸிலேட்டரை மிதித்துவிடாதீர்கள். இங்கே போலீஸ் தபாலில் வருவார்.

மணிக்கு 30 மைல் வேக வரம்புள்ள பகுதியில் கேமரா உங்களைப் பிடித்தால் உடனே எதுவும் தெரியாது. மறந்தே போயிருப்பீர்கள். 14 நாளைக்குள் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு ஓர் உறை வந்து விழும். இன்ன தெரு, இன்ன நேரம், இன்ன வேகம் என்று ஒரு பக்கம்; அந்த நேரத்தில் ஓட்டியது யார் என்று நிரப்பித் தர ஒரு படிவம். 28 நாளுக்குள் பதில் போட வேண்டும். 'தெரியாது' என்று சும்மா இருந்துவிட்டால் அது தனிக் குற்றம், அதற்கு உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளி ஏறும். வேகத்துக்கான தண்டனையைவிட இது பெரிது! வேகத்துக்குக் குறைந்தபட்சம் 100 பவுண்டும் 3 புள்ளியும்தான். 30ல் 35 முதல் 42 வரை போயிருந்தால், அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் அந்த வகுப்புக்குப் போகாதவர் என்றால், பெரும்பாலும் வேக விழிப்புணர்வு வகுப்புக்குக் கூப்பிடுவார்கள். காசு கட்டி உட்கார்ந்து எழுந்தால் புள்ளி ஏறாது. அந்த வாய்ப்பை விடவே கூடாது. அபராதம் ஒரு தடவையோடு போய்விடும், புள்ளி இன்ஷூரன்ஸில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

துபாயில் இந்தச் சங்கடம் வேறு மாதிரி. ரேடார் பளிச்சென்று அடிக்கும், போனுக்குச் செய்தி வரும், வருடக் கடைசியில் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது மொத்தத்தையும் கட்டாமல் வண்டி நகராது. ஆனால் குறித்த வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் சலுகை இருந்ததால் எல்லாரும் அந்த 20ஐச் சேர்த்தேதான் ஓட்டினோம். அபுதாபியில் 2018ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அங்கே வேகம் ஓரளவுக்கு மேல் போனால் அபராதம் வருமானத்தைப் பார்த்துத்தான். 2023ல் ஓலாந்து தீவில் 50ல் 82 போன ஒரு கோடீஸ்வரருக்கு 1,21,000 யூரோ தீட்டினார்கள். அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

இங்கே போலீஸ் வண்டியே நிறுத்துவதும் உண்டு. அவர்கள் காரில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா இருக்கிறது. வரி, இன்ஷூரன்ஸ், வருடாந்திரத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி. எல்லாம் அதில் தெரிந்துவிடும். கண்ணாடியில் ஒட்டும் வரி வில்லையையே 2014 அக்டோபரில் ஒழித்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் 300 பவுண்டு, 6 புள்ளி, வண்டியையும் தூக்கிக்கொண்டு போகலாம். நிறுத்தினால் இறங்கி ஓடிப் போய்க் கும்பிடு போட வேண்டாம். கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருங்கள், அவரே வருவார். பர்ஸில் கை வைப்பது, 'பார்த்துக்கலாம் சார்' எல்லாம் சென்னையோடு சரி.

இனி வரிக்கு வருவோம். சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு முன்பே அரசு உங்களை உரித்துவிடும். கார் வைத்திருக்க அனுமதிச் சான்று தரும் சி.ஓ.இ. ஏலம் 1990ல் தொடங்கியது, அதுவும் பத்து வருட உரிமைக்கு மட்டும். 2023 அக்டோபரில் சின்ன கார் பிரிவே 1,06,000 டாலரைத் தொட்டது. காரின் விலை தனி. நம் தமிழ்நாட்டில் ஆயுள் வரியை முதலிலேயே மொத்தமாகக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். இங்கே நேர் எதிர்: கார் மலிவு, 3,000 பவுண்டுக்கு ஓடுகிற வண்டி கிடைக்கும். வைத்திருப்பதில்தான் கறப்பார்கள்.

சாலை வரியில் ஒரு வேடிக்கை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான கார் என்றால் 2025-26ல் வருடம் 195 பவுண்டு. அதற்கு முன் பதிவானது என்றால் புகை அளவைப் பார்த்து வரி. கிலோமீட்டருக்கு 100 கிராம் கரியமில வாயுவுக்குள் விடும் சின்ன கார்களுக்கு 20 பவுண்டுதான். ஆக, ஒரே மாடலில் 2016 வண்டிக்கு 20, 2018 வண்டிக்கு 195. உங்கள் பட்ஜெட்டுக்கு 2016 வண்டியே போதும். இன்னொன்று, விற்பவர் கட்டிய வரி உங்களுக்கு வராது. வாங்கிய அன்றே உங்கள் பெயரில் கட்டிவிட்டுத்தான் ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

பெரிய வரி பெட்ரோலில் ஒளிந்திருக்கிறது. 2025-26 கணக்கில் லிட்டருக்கு 52.95 பென்ஸ் தீர்வை, அதையும் சேர்த்து 20 சதவீத வாட். லிட்டர் 1.35 பவுண்டு என்றால் 75 பென்ஸ் அரசுக்கு. துபாயில் பெட்ரோல் போட்டுப் பழகிய எனக்கு முதல் வருடம் பம்ப்பின் மீட்டரைப் பார்க்கவே மனசு வரவில்லை.

ஆனால் வரியைவிட உங்களை அடிக்கப் போவது இன்ஷூரன்ஸ். புதிதாக வந்தவருக்கு முதல் வருடம் 1,000 பவுண்டைத் தாண்டினால் ஆச்சரியமில்லை. கார் பார்க்கும்போதே அதன் எண்ணைப் போட்டு இன்ஷூரன்ஸ் விலை பாருங்கள். அதே எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் எம்.ஓ.டி. சரித்திரம் முழுக்க வரும். எந்த வருடம் டயர் தேய்ந்திருந்தது, எங்கே துரு பிடித்தது என்பது வரை. விற்பவர் வாயைவிட அது நம்பகமானது.

லண்டன் போனால் கவனம். ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலுக்குக் காரில் போகும் ஆசை வரும். 2023 ஆகஸ்டிலிருந்து லண்டனின் எல்லாப் பகுதிகளும் யூலெஸ் எல்லைக்குள், அதாவது புகை அதிகம் கக்கும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் பகுதிக்குள். பழைய டீசல் என்றால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. சுங்கச்சாவடி, தடுப்பு எதுவும் இருக்காது, நீங்களாக இணையத்தில் கட்ட வேண்டும். யூரோ 4 என்ற புகைத் தரம் உள்ள பெட்ரோல் கார் என்றால் கவலையில்லை. அதனால் டீசல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

உரிமம்: சிங்கப்பூரிலேயே தேர்வெழுதி வாங்கியது என்றால் 5 வருடத்துக்குள் தேர்வில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் மனைவியின் இந்திய உரிமம் 12 மாதம்தான் செல்லும், அந்தக் கணக்கு குடியேறிய நாளிலிருந்தே ஓடுகிறது. அவர் இங்கே தேர்வெழுதித்தான் ஆக வேண்டும். தேர்ச்சி பெற்ற இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் உரிமம் ரத்து. ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தாலே அந்த 6 வந்துவிடும். ப்ரொவிஷனல் என்ற பழகுநர் உரிமத்துக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், ஓட்டுநர் தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது.