கடைக் கதவும் கைபேசியும்: சிறு வணிகர்களின் கேள்விகளும் பதில்களும்

களவு போன கடைகளுக்குச் சென்று இழப்பை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்திருக்கிறேன். அண்மைக் காலத்தில் பூட்டு உடைந்த கடைகளைவிட, பூட்டு அப்படியே இருக்க வங்கிக் கணக்கு காலியான கடைகளையே அதிகம் பார்த்தேன். இரண்டைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஷட்டரின் இரு பக்கமும் நல்ல பூட்டுகள் போடுகிறேன். அது போதாதா? (மளிகைக் கடை, தென்காசி)

போதாது. பூட்டை உடைத்தால் ஓசை எழும் என்பதால், பழகிய திருடர்கள் பெரும்பாலும் பூட்டில் கை வைப்பதில்லை. இரு ஓரமும் பூட்டிய ஷட்டரின் நடுப்பகுதிக்கு அடியில் கடப்பாரையையோ கார் ஜாக்கியையோ கொடுத்து நெம்பினால், தகடு வில்லைப் போல வளைந்து, ஒல்லியான ஒருவர் படுத்தபடி நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டாகிவிடும். ஆகவே நடுவிலும் தரையோடு பிணைக்கும் ஒரு பூட்டு வேண்டும். அதன் கொக்கி மேல்பூச்சில் அல்லாமல் கான்கிரீட்டில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். முடிந்தால் ஷட்டருக்கு உட்புறம் ஒரு கம்பிக் கதவும் போடுங்கள்.

முன்பக்கத்துக்கு இவ்வளவு செய்தவர்களும் பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பெரிய நகைக்கடையின் பின்சுவரில் துளையிட்டுத்தான் கொள்ளையர்கள் உள்ளே சென்றார்கள். காலையில் கடையைத் திறந்தபோதுதான் களவு தெரியவந்தது. சிறிய கடைகளில் அந்தத் துளையின் இடத்தில் எக்ஸாஸ்ட் விசிறியின் பொந்தோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ மொட்டைமாடிக் கதவோ இருக்கும். மாதத்துக்கு ஒரு முறையாவது கடையைச் சுற்றி நடந்து, "சாவி இல்லாவிட்டால் நான் எந்த வழியாக உள்ளே போவேன்?" என்று பாருங்கள். இரவில் கல்லாவைக் காலி செய்து, இழுப்பறையைத் திறந்தே வையுங்கள். அதை உடைப்பதால் வரும் சேதமாவது தவிரும்.

கேமரா நான்கு வைத்திருந்தேன். திருடியவர்கள் பதிவுப் பெட்டியையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். இனி என்ன செய்வது? (ஹார்டுவேர் கடை, ஈரோடு)

டிவிஆர் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கமாகிவிட்டது. திருடர்களுக்கும் அது தெரியும். பரணிலோ பின்னறையிலோ பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் அதை வைத்து, மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் இயங்கும்படி சிறிய யுபிஎஸ் ஒன்றோடு இணையுங்கள். கூரையில் இருக்கும் கேமராவில் தொப்பியும் தலைமுடியும்தான் பதியும். ஆகவே வாசலில் முக உயரத்தில் ஒன்றாவது இருக்கட்டும்.

கேமராவே இணையத் திருடனுக்கு வழியாகவும் அமையும். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகெங்கும் பெருமளவில் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. பொருத்த வந்தவர் "அட்மின்" என்று வைத்துவிட்டுப் போயிருந்தால் இன்றே மாற்றுங்கள். பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். நேரம் தவறிய பதிவை வழக்கில் பயன்படுத்தக் காவல்துறை சிரமப்படும். பழைய பதிவின் மேல் புதியது தானாகப் பதிந்துவிடும் என்பதால், களவு நடந்த அன்றே நகல் எடுத்து, பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கோரும் சான்றிதழுடன் விசாரணை அதிகாரியிடம் ஒப்படையுங்கள்.

காப்பீடு இருந்தும் என் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். ஏன்? (ஜவுளிக் கடை, கும்பகோணம்)

உங்கள் கடிதத்தின்படி கடை கள்ளச்சாவியால் திறக்கப்பட்டிருக்கிறது. பூட்டிலோ கதவிலோ கீறல்கூட இல்லை. பெரும்பாலான களவுக் காப்பீடுகள் பலவந்தமாக நுழைந்ததற்கோ வெளியேறியதற்கோ தடயம் இருந்தால்தான் இழப்பீடு தரும். வேலையாளின் நம்பிக்கைத் துரோகத்துக்குத் தனியாக ஒரு காப்பீடு உண்டு. அதை எடுப்பவர்கள் மிகக் குறைவு. எத்தனை சாவிகள், யார் யாரிடம் உள்ளன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் பூட்டை மாற்றிவிடுங்கள்.

இழப்பீடு கிடைத்தவர்களும் தொகை குறைந்துவிட்டதாக வருந்துவதுண்டு. இருபது லட்சம் ரூபாய் சரக்கு வைத்துக்கொண்டு, பிரீமியத்தைக் குறைக்கப் பத்து லட்சத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்தால், சரக்கின் பாதிக்குத்தான் காப்பீடு என்பதால், நான்கு லட்சம் இழப்புக்கும் பாதியான இரண்டு லட்சம்தான் கணக்காகும். மேலும், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி, களவு போன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்ட தொகையை) திருப்பிச் செலுத்த வேண்டும். ஆகவே கொள்முதல் விலையோடு அந்த வரியையும் சேர்த்தே காப்பீட்டுத் தொகையை முடிவு செய்யுங்கள். சரக்கு இருப்புப் பட்டியலின் நகல் கடைக்கு வெளியேயும் இருக்கட்டும். களவு தெரிந்ததும் முதல் தகவல் அறிக்கை பதிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, சர்வேயர் வரும்வரை எதையும் அடுக்கி வைக்காமல் இருங்கள்.

பணம் வந்துவிட்டதாகக் கைபேசித் திரையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பிறகு பார்த்தால் வரவில்லை. (மருந்துக் கடை, மதுரை)

அடுத்தவர் திரையை நம்பவே வேண்டாம். அசலைப் போலவே காட்டும் போலிச் செயலிகள் உள்ளன. உங்கள் கணக்கில் வரவு தெரிந்த பிறகோ, ஒலிப்பெட்டி தொகையைச் சொன்ன பிறகோ மட்டும் பொருளைக் கொடுங்கள். தினமும் கடை திறந்ததும் உங்கள் க்யூஆர் அட்டையை நீங்களே ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அதன்மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை என்பதைக் கல்லாவில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவையுங்கள்.

என் நடப்புக் கணக்கிலிருந்து இரவில் பணம் போய்விட்டது. வங்கி, என் தவறு என்கிறது. (அச்சகம், சிவகாசி)

முதலில் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிக்கொண்டே இருப்பதால், எவ்வளவு விரைவில் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்கு நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் உடனே தெரிவித்து, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை உங்களுக்குத் துணை நிற்கும். தவறு வங்கியுடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல, வேறெங்கோ நடந்தது என்றால், பணம் போனதாக வங்கியின் செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை; நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், சிறு தொழில்களின் நடப்புக் கணக்குக்கு உச்சப் பொறுப்பு 10,000 ரூபாய். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது. அதற்குப் பின் போனது வங்கியுடையது. ஏமாந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் ஓர் இரவைக் கடத்திவிடுபவர்கள் இழப்பது இந்தப் பாதுகாப்பைத்தான். வங்கி முப்பது நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நூல் மில்லிலிருந்து "கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தது; பணம் அனுப்பிய பிறகு, அது மில்லின் அஞ்சலே அல்ல என்று தெரிந்தது. (பின்னலாடை உற்பத்தி, திருப்பூர்)

இருவரில் ஒருவருடைய அஞ்சல்பெட்டியை யாரோ சில காலமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கலாம். அதனால்தான் பில் எண்ணும் தொகையும் சரியாக இருந்தன. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். கணக்கு எண் மாறியதாக எந்த வடிவில் தகவல் வந்தாலும், அந்த அஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் பேசி உறுதி செய்யாதவரை பணம் அனுப்பக் கூடாது. அஞ்சல்பெட்டிக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு அவசியம். தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி எதையாவது யாரும் உள்ளே வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்; கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த விதி இயங்கிக்கொண்டே இருக்கும்.

வேறு மாநிலக் காவல்துறை சொன்னதாக என் கணக்கை முடக்கிவிட்டார்கள். நான் எந்தத் தவறும் செய்யவில்லை. (கைபேசிக் கடை, வேலூர்)

யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கொண்டு ஒருவர் உங்களிடம் பொருள் வாங்கியிருக்கக் கூடும். புகார் எண், காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை ஆகியவற்றை வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பில்லையும், விற்ற கைபேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் அன்றைய கேமரா பதிவையும் அந்த விசாரணை அதிகாரிக்கு அனுப்பி, அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோருங்கள். சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் அவ்வாறு உத்தரவிட்ட வழக்குகள் உண்டு. அவசரச் செலவு என்று சொல்லி யுபிஐயில் அனுப்பிவிட்டு ரொக்கம் கேட்கும் முன்பின் தெரியாதவர்களுக்கு, இரக்கப்பட்டும் கொடுக்காதீர்கள். இத்தகைய முடக்கங்களுக்கு அது ஒரு முக்கியமான வழி.

மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த பையன் நின்றுவிட்டான். அவன் மீது சந்தேகம் இல்லை. ஆனாலும் ஏதாவது செய்ய வேண்டுமா? (தையலகம், நாகர்கோவில்)

செய்ய வேண்டும், அம்மா. அது அவரை அவமதிப்பது ஆகாது; நாளை ஏதாவது நடந்தால் அவர் மீது பழி விழாமல் இருக்கவும் அதுவே வழி. சாவியைத் திரும்பப் பெற்று நோட்டில் குறியுங்கள். வைஃபை, பில்லிங் கணினி, கேமரா செயலி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். கடையின் வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, உங்களுடையது அல்லாத ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். பிறந்த ஆண்டும் கடை எண்ணும் வேண்டாம். அவை அவருக்குத் தெரிந்திருக்கும்.