எட்டாவது பிறந்தநாளுக்கு சிங்கப்பூர்: இன்சுலின் போடும் பிள்ளையை அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். இரவில் கிளார்ஜின் (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின்) பேனா, மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் ரெகுலர் இன்சுலின் ஊசி போடுகிறோம். மே மாதம் எட்டாவது பிறந்தநாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் மாமா, அன்றைக்கு செந்தோசாவில் இருக்கிற யுனிவர்சல் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளை நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். என் மாமியாரோ, "ஊசி போடுற புள்ளைய ராட்டினத்துல ஏத்துவாங்களா" என்று பயப்படுகிறார். விமானத்தில் ஊசி கொண்டுபோக விடுவார்களா? கேக் வெட்டலாமா? (ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். டைப் 1 இருக்கிறது என்பதற்காக ஒரு குழந்தையின் பிறந்தநாளைச் சுருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மாமியாரின் பயத்தையும் நான் ஒதுக்க மாட்டேன். அன்றைக்குக் கவனிக்க வேண்டியது கேக்கையும் ராட்டினத்தையும் விட, சுகர் இறங்கிவிடுவதைத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த மாதிரிப் பூங்காவில் பிள்ளை காலையிலிருந்து மாலைவரை நடப்பாள், ஓடுவாள், வெயிலில் வரிசையில் நிற்பாள். தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வெப்பத்தில் தோலுக்கடியில் இருக்கும் இன்சுலினும் சீக்கிரமாக இரத்தத்தில் சேரும். இதற்கு மேல், நீங்கள் போடுவது ரெகுலர். அரைமணி முன்னால் போட்டுவிட்டு உணவகத்தில் வரிசையில் நின்றால், தட்டு வர முக்கால் மணி ஆகலாம். அப்புறம் பிள்ளை "பசிக்கல" என்று பாதியில் எழுந்தால்? போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்: சாப்பிட உட்கார்ந்ததும் போடக்கூடிய, வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கு மாற்றலாமா என்று. மாற்றுவதானால் கிளம்பும் வாரத்தில் வேண்டாம். ஒரு மாதமாவது வீட்டில் பழகியிருக்க வேண்டும். மாற்றவில்லை என்றால், தட்டு எப்போது வரும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு ஊசி போடுங்கள்.

சுகர் 70-க்குக் கீழே போனால், அல்லது பிள்ளை வியர்த்து, நடுங்கி, காரணமில்லாமல் அழுதால், அங்கேயே உட்காரவைத்து குளுக்கோஸ் கொடுங்கள். அவள் எடை 25 கிலோ அளவில் இருந்தால் ஏழெட்டு கிராம் போதும், அதாவது தலைதட்டிய இரண்டு டீஸ்பூன். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். "வரிசை போய்விடுமே" என்று நினைக்காதீர்கள், வரிசை போகட்டும். இதற்கு சாக்லேட் உதவாது. பாட்டி பாசத்தோடு கட்டிக்கொடுக்கும் திருவையாறு அசோகாவும் உதவாது. அதிலிருக்கும் நெய் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பவுடர் பொட்டலம் பிள்ளையின் பையிலும் உங்கள் கையிலும் தனித்தனியாக இருக்கட்டும்.

ராட்டினங்களில் ஏறலாம், உயரக் கட்டுப்பாடு எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ளதுதான். ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். வேகமான சவாரியில் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். லோ சுகரிலும் இதேதான் நடக்கும். பார்வையால் பிரித்தறிய முடியாது, அதனால் இறங்கியதும் சந்தேகம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். அட்ரினலினால் சுகர் 250 என்று ஏறிக்கூடக் காட்டலாம். உடனே கூடுதல் ஊசி போட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் தானே இறங்கும். விரலைத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகுதான் சோதிக்க வேண்டும். ஐஸ்கிரீம் ஒட்டிய விரல் பொய் சொல்லும்.

அன்று இரவுதான் நான் அதிகம் கவலைப்படும் நேரம். பகலெல்லாம் நடந்த உடம்பு தூங்கும்போதும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். படுக்கும் முன் ஒரு தடவை, இரவு 2 மணிக்கு ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அலாரம் வைத்தாவது. அன்றைய கிளார்ஜினை 10 முதல் 20 சதவீதம் குறைக்கலாமா என்பதையும் உங்கள் மருத்துவரே சொல்லட்டும்.

இதை அங்கே போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஏப்ரலில் ஒரு நாள் முழுக்க வேளாங்கண்ணிக்கோ தரங்கம்பாடிக்கோ கூட்டிப்போய் நடக்கவிடுங்கள். எந்த நேரத்தில் இறங்குகிறது, இரவில் என்ன ஆகிறது என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் மருத்துவருக்கு அந்த ஒரு பக்கம் நூறு கேள்விகளைவிட உதவும்.

விமானத்தில் ஊசி கொண்டுபோகலாம். மருத்துவரின் கையெழுத்திட்ட கடிதமும் மருந்துச் சீட்டும் வேண்டும். நூறு மில்லி திரவக் கட்டுப்பாட்டில் மருந்துகளுக்கு விலக்கு உண்டு. பாதுகாப்புச் சோதனையில் கடிதத்தைக் காட்டிச் சொல்லுங்கள். இன்சுலினை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. சரக்கு அறையில் குளிர் உறைநிலைக்குப் போகலாம், ஒரு முறை உறைந்த இன்சுலின் வேலைக்கு உதவாது. மன்னார்குடியிலிருந்து திருச்சி வரும் காரிலும் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். வேண்டியதைப் போல இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பேர் கைப்பையில் பிரித்து வையுங்கள். ஹோட்டல் ஃபிரிட்ஜில் உறைபெட்டியை ஒட்டி வைக்க வேண்டாம். திறந்த மருந்து 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். நம்மூரில் ரெகுலர் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் குப்பியில் வருகிறது, ஊசியும் அதற்கேற்றது. வெளிநாட்டில் மில்லிக்கு 100 யூனிட்தான் வழக்கம். தீர்ந்துவிட்டதென்று அங்கே ஒரு குப்பி வாங்கி, நம் 40 யூனிட் ஊசியில் 10 வரை இழுத்தால் பிள்ளைக்கு 25 யூனிட் போய்விடும். உயிருக்கே ஆபத்து. வாங்க நேர்ந்தால் ஊசியையும் அங்கேயே, அந்த மருந்துக்கு உரியதாக வாங்குங்கள்.

நேர வித்தியாசம் இரண்டரை மணிதான். இங்கே இரவு 9 மணிக்குப் போடும் கிளார்ஜினை அங்கே 11.30-க்குப் போட்டால் அதே இடைவெளி. சில நாள் பயணத்துக்கு இது போதும்.

கேக் வெட்டுங்கள், அவளும் சாப்பிடட்டும். மற்ற பிள்ளைகள் சாப்பிட, பிறந்தநாள் பிள்ளை வேடிக்கை பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன். மதியச் சாப்பாட்டோடு சேர்த்து நடுத்தரத் துண்டு கொடுத்து, அதன் மாவுச்சத்தை அந்த வேளை இன்சுலினில் கணக்கிடுங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கு இரண்டு விஷயங்களைப் போனிலேயே சொல்லிக்கொடுங்கள். பிள்ளை மயங்கினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 995-ஐ அழைக்க வேண்டும். வாந்தி வந்தால் "சாப்பிடலையே" என்று இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. சுகரும் கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பைக் கரைப்பதால் சேரும் அமிலம்) பார்த்து அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். கீட்டோன் ஸ்ட்ரிப்பையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளில் காய்ச்சலோ வாந்தியோ இருந்து கீட்டோன் காட்டினால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், டிக்கெட் பணம் போனாலும் சரி.