லினக்ஸ் போட 180 வெள்ளி, அப்புறம் ஆண்டுச் சந்தா: கொடுக்கலாமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை, மகன் படிவம் நான்கு. வீட்டில் இருப்பது யாரோ கொடுத்த பழைய மடிக்கணினி, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. இனிப் புதுப்பிப்பு வராது என்று திரையில் அறிவிப்பு வந்ததும் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். விண்டோஸ் 11 இதில் ஏறாது, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட 180 வெள்ளி, அதற்குமேல் ஆண்டுக்கு 60 வெள்ளி லைசென்ஸ் சந்தா என்று சொல்லியிருக்கிறார்கள். "கொடுக்கலாமா? மகனுடைய பள்ளி வேலை அதில் நடக்குமா? பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது?" இதுதான் கேள்வி.

லினக்ஸ் தாராளமாகப் போடுங்கள். சந்தா என்று ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் 11 ஏறாது என்று கடைக்காரர் சொன்னது அநேகமாக உண்மைதான், பழைய பிராசஸரை அது ஏற்றுக்கொள்ளாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் சந்தா என்பது பச்சைப் பொய். லினக்ஸை 1991-இல் எழுதத் தொடங்கியவர் லினுஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர். அது வெளிவரும் உரிமமே, யாரும் நகல் எடுக்கலாம், எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. கடைக்காரர் தன் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம், ஒரு மணி நேர வேலைக்கு உரிய கூலியைப் பேசிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு எதற்குப் பணம்? அந்த மென்பொருளை எழுதியவர்களே கேட்காத பணத்தை இடையில் இருப்பவர் கேட்கிறார், தோட்டத்து ஆட்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்ற துணிச்சலில்.

கடையில் விட்டுவிட்டு வரத்தான் வேண்டுமென்றால் ஒரு காரியம் செய்யுங்கள். கொடுக்கும் முன் செட்டிங்ஸில் ராம் எவ்வளவு என்று காட்டும் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள், கணினியைத் திருப்பி அடியில் இருக்கும் வரிசை எண்ணையும் எடுங்கள். போன ஆண்டு ஒரு பையன் 8 ஜிபி ராமோடு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த கணினி 4 ஜிபியோடு திரும்பி வந்தது. என்னிடம் கொண்டுவந்தான், திறந்து பார்த்தேன், ஒரு துண்டு ராம் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. படமோ ரசீதோ எதுவும் இல்லாததால் அவனால் வாய் திறந்து கேட்க முடியவில்லை.

பள்ளி வேலை நடக்கும். கல்வி அமைச்சின் டெலிமா தளம், கூகள் கிளாஸ்ரூம், கேன்வா எல்லாமே பிரௌசருக்குள் ஓடுபவை, லினக்ஸில் பயர்பாக்ஸ் கூடவே வருகிறது. கட்டுரை எழுத லிப்ரேஆபிஸ் இருக்கிறது, ஆசிரியர் அனுப்பும் வேர்ட் கோப்பையும் திறக்கும். தமிழ்க் கோப்பில் எழுத்துரு மாறி வரிகள் கொஞ்சம் நகரலாம், அதனால் மகன் அனுப்பும்போது பிடிஎப் ஆக்கி அனுப்பட்டும்.

லினக்ஸில் பல வகை உண்டு. உங்கள் கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகை, அதிலும் எக்ஸ்எப்சிஇ என்ற இலகுவான வகை சரியாக இருக்கும். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி, தோட்டத்தில் லைன் மோசமென்றால் பட்டணத்தில் உறவுக்காரர் வீட்டில் இறக்கி, எட்சர் என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது. பென்டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்யும்போதே எப்12 அல்லது எப்9 விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள், மின்ட் திரை வந்துவிடும், உங்கள் விண்டோஸ் இன்னும் அப்படியே இருக்கும். இரண்டு நாள் இப்படியே ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் மட்டும், படங்களையெல்லாம் வேறு இடத்தில் காப்பி எடுத்துவைத்துவிட்டு, இன்ஸ்டாலை அழுத்துங்கள். டிஸ்கை அழிப்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய படம் ஒன்றுகூட மிஞ்சாது.

ஒரே ஒரு இடத்தில் சறுக்கலாம், வைஃபை. இதை நிறையச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் பயந்து திரும்பக் கடைக்கு ஓடுகிறார்கள். சில பழைய கணினிகளில், முக்கியமாக பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப் உள்ளவற்றில், மின்ட் வந்ததும் வைஃபை பெயர்கள் எதுவும் தெரியாது. கணினி கெட்டுப்போகவில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜ் கேபிளால் கணினியோடு இணையுங்கள், கைப்பேசி செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங்கைத் திறந்துவிடுங்கள், கணினிக்கு இணையம் வந்துவிடும். வரவில்லையென்றால் கேபிளை மாற்றுங்கள், சில மலிவு கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். மின்டை நிறுவி முடித்தபின் இதே கேபிள் இணைப்போடு மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அந்தச் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளை அதுவே கண்டுபிடித்துக் காட்டும், நிறுவி மறுபடி தொடங்கினால் வைஃபை தெரியும். அதிலும் காட்டவில்லையென்றால்தான் சின்ன யுஎஸ்பி வைஃபை வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும், அதையும் லினக்ஸில் வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

யாரைக் கேட்பது? உலகம் முழுக்க லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் குழுக்கள். நம் நாட்டில் அவை பெரும்பாலும் கோலாலம்பூர், பினாங்குப் பக்கம் கூடுகின்றன, தோட்டத்துப் பிள்ளைக்குப் பஸ் காசே பெரிய செலவு. அரசாங்கம் 2004-லேயே பொதுத்துறையில் லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளைக் கொண்டுவரப் பெருந்திட்டம் போட்டது. இருபது ஆண்டு தாண்டியும் எங்கள் பக்கத்துப் பட்டணங்களில் இதைக் கற்றுத்தர ஒரு அறைகூட இல்லை, அந்த இடத்தில்தான் சந்தா கேட்கும் கடைகள் வந்து உட்கார்ந்துவிட்டன, எனக்கு இதில் கோபம் நிறைய. தமிழிலேயே கேட்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, கணியம் என்ற இணைய இதழ் 2012 முதல் தமிழிலேயே லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டு வருகிறது. மகனை அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேட்கும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. கணினியின் மாடல் பெயர், மின்ட் எத்தனையாவது பதிப்பு, திரையில் வந்த வாசகத்தின் படம், இந்த மூன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.