கப்பல் இணையப் பாதுகாப்பு ஆராய்ச்சியைச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் வளர்க்க முதலில் என்ன வேண்டும்?

தாக்கிப் பார்க்க அனுமதி உள்ள ஒரு "கப்பல்" வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நின்றால் நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாகத் தெரியும். ஆனால் ஓடுகிற கப்பலில் ஏறி மாணவர் சோதனை செய்ய எந்த உரிமையாளர் விடுவார்? அதனால்தான் சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் இணையப் பாதுகாப்பு ஆய்வு மையமான ஐடிரஸ்ட், கப்பலின் இயக்கக் கருவிகளைப் போலவே 'மாரிஓடி' என்ற சோதனைக்கூடத்தை அமைத்தது. என் பார்வையில் இதுதான் சரியான தொடக்கம்.

ஒரே ஒரு கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் கருவியிலிருந்து மின்னணு வரைபடத்துக்குப் போகும் தகவல், பல கப்பல்களில் இன்னும் என்எம்இஏ 0183 என்ற, கப்பல் கருவிகள் தகவல் பரிமாறும் முறையில் வரும் வெறும் எழுத்து வரிதான். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். அது வழியில் ஏற்பட்ட பிழையைக் காட்டும், அனுப்பியது யார் என்று சொல்லாது. இடையில் ஒருவர் இருப்பிட எண்களை மாற்றி, அதற்கேற்பச் சரிபார்ப்பு எண்ணையும் மாற்றினால் கப்பல் இருக்கும் இடமே திரையில் மாறிவிடும். இதைக் கையால் செய்து பார்த்தவருக்குத்தான் தடுப்பு வழியும் தோன்றும்.

அப்புறம் ஆட்கள். கணினி படித்தவருக்கு இயந்திர அறை தெரியாது, கடல் பொறியாளருக்கு வலையமைப்பு தெரியாது. இருவரையும் ஒரே ஆய்வில் உட்கார வையுங்கள். அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் 2017 தீர்மானப்படி, 2021 ஜனவரி முதல் கப்பல் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்பு மேலாண்மையில் இணையத் தாக்குதல் அபாயத்தையும் சேர்க்க வேண்டியிருப்பதால், படித்து வருபவர்களுக்கு வேலையும் காத்திருக்கிறது.